இருமலும் சேர்ந்த மன்றாட்டு

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருஷம் தயங்கினேன். எங்கள் வீட்டில் எழுதுவது என் கணவரின் வேலை. நான் பத்தாவதோடு நின்றவள். கோவிலில் வாசகம் வாசிப்பேன், பிள்ளைகளின் வீட்டுப் பாடம் பார்ப்பேன், அவ்வளவுதான். நான் பேனா எடுத்தால் யாராவது சிரிப்பார்களோ என்ற கூச்சம் இருந்தது. அவர்தான் எழுதிவிட்டாரே, நான் வேறு எதற்கு என்றும் நினைத்தேன். ஆனால் அவர் எழுதியது இங்கிலீஷில். யாரைப் பற்றி எழுதினாரோ அவர்கள் படிக்கிற பாஷையில் அது இன்னும் வரவில்லை. அதனால் இன்று ஜெபம் பண்ணிவிட்டு உட்கார்ந்திருக்கிறேன்.

அப்போது நகரத்துக்குள் நீலசந்திரா என்ற பகுதியில் ஒரு மாடி வீட்டில் குடியிருந்தோம். வெள்ளைக்காரர் ஆட்சியில் நம் மண்ணிலிருந்து தங்கமும் மரமும் எப்படிக் கப்பலேறின, அதை வெட்டி எடுத்தவர்கள் என்ன ஆனார்கள் என்பதுதான் என் கணவரின் ஆராய்ச்சி. அதில் தங்கவயலைப் பற்றித்தான் அதிகம். தமிழ்நாட்டிலிருந்து பஞ்சம் பிழைக்கப் போன நம் சனங்கள்தானே அங்கே பூமிக்குள் இறங்கினார்கள். டாக்டர் பட்டம் வாங்கியும் என் கணவருக்கு நிரந்தர வேலை அமையவில்லை. ஆடுகோடிப் பக்கம் ஒரு காலேஜில் மணிக்கணக்குச் சம்பளத்துக்குப் பாடம் எடுப்பார். மற்ற நேரத்தில் ஒரு உதவித்தொகையில் ஆராய்ச்சி செய்வார். அந்த உதவித்தொகையும் அந்த வருஷத்தோடு முடிய இருந்தது.

கீழ்வீட்டு அக்கா என்னைப் பார்க்கும்போதெல்லாம் ஆரம்பித்துவிடுவார்.

"ஏம்மா, சாரு இன்னும் படிச்சிக்கினே இருக்காரா? எங்க பையன் அதுக்குள்ள ரெண்டு கம்பெனி மாறிட்டான்."

"படிச்சு முடிச்சிட்டாருக்கா. இப்ப எழுதறாரு."

"எழுதினா யாரு சம்பளம் குடுப்பா?"

"மேல இருக்கறவரு குடுப்பாரு."

"மேல நீங்கதானே இருக்கீங்க!" என்று சொல்லிவிட்டு அவரே விழுந்து விழுந்து சிரிப்பார். நானும் சிரிப்பேன். எனக்குப் பயமில்லை. வியாழக்கிழமை தவறாமல் விவேக் நகர் குழந்தை இயேசு கோவிலுக்குப் போய் வருகிறவள் எதற்குப் பயப்பட வேண்டும்?

அந்தச் சமயத்தில்தான் ஒரு பல்கலைக்கழகத்திலிருந்து நேர்முகத்துக்குக் கூப்பிட்டார்கள். ஆசிரியர்கள் எல்லாரும் சுற்றி உட்கார்ந்திருக்க, இவர் தன் ஆராய்ச்சியைப் பற்றிப் பேசிக் காட்ட வேண்டும். பிடித்திருந்தால் வேலை. இவருக்கோ உள்ளுக்குள் உதறல். ஒரு பத்திரிகைக்கு அனுப்பிய கட்டுரை கொஞ்ச நாள் முன்புதான் திரும்பி வந்திருந்தது. பழைய காகிதங்களில் இருக்கிற கம்பெனிக் கணக்கையே பேசுகிறீர்கள், அங்கே இருந்த பெண்களின் குரல் எங்கே என்று கேட்டிருந்தார்கள்.

"நியாயமான கேள்விதான். ஆனா நான் போய்க் கேட்டா அவங்க பேச மாட்டேங்கறாங்க. நீயும் வாயேன்" என்றார்.

இரண்டு பேரும் ரயிலேறித் தங்கவயல் போனோம். எங்கள் கோவில் பங்கைச் சேர்ந்த ஒருவர் தன் உறவுக்கார அக்கா ஒருவரைப் பற்றிச் சொல்லி அனுப்பியிருந்தார். ஐம்பதைத் தாண்டியவர், வீட்டிலேயே ரவிக்கை தைக்கிறார். அவர் வீட்டுக்காரர் சுரங்கத்தில் இறங்கினவர். சுரங்கத்தை மூடிய பிறகு நுரையீரல் கெட்டு இறந்துபோனார். என் கணவர் அனுமதி கேட்டுவிட்டுப் போனில் ரெக்கார்டிங்கைப் போட்டு முக்காலியின் மேல் வைத்தார்.

"அவரு வேலைக்குப் போன காலத்துல வீடு எப்படி இருந்திச்சுக்கா?"

"எல்லா வீடு மாதிரிதான்."

"அவருக்கு உடம்பு முடியாம போனப்ப..."

"முடியல, போயிட்டாரு. தம்பி, டீ ஆறுது பாரு."

சாயங்காலம் வரைக்கும் இப்படியேதான் போயிற்று. கோவில் மணி அடித்ததும் அக்கா தையல் மிஷினை நிறுத்தினார். "ஜெப நேரம். இருந்தா முட்டி போடுங்க, இல்லன்னா கெளம்புங்க" என்றார். முட்டி போட்டோம். ஜெபமாலை முடிந்ததும் எங்கள் வீடுகளில் அவரவர் மன்றாட்டை வாய்விட்டுச் சொல்வது வழக்கம். அக்கா கண்ணை மூடிக்கொண்டு சொன்னார்.

"ஆண்டவரே, அவரு வந்தா வாசல்லயே சட்டையக் கழட்டுவாரு. உதறினா தூசி மாவு மாதிரி பறக்கும். நான்தான் அதைக் கல்லுல அடிச்சுத் துவைச்சேன். அந்தத் தூசி அவரு நெஞ்சுல போனது உமக்குத் தெரியும்." அங்கே ஓர் இருமல் வந்தது. நீளமான இருமல். நான் எழுந்து தண்ணீர் எடுக்கப் போனேன். அவர் கையாலேயே வேண்டாம் என்று தடுத்துவிட்டு மேலே சொன்னார். "என் நெஞ்சுலயும் போயிருக்கு, அதுவும் உமக்குத் தெரியும். அவரு சுரங்கத்துல வேலை செஞ்சாருன்னு எழுதி வச்சாங்க. நான் செஞ்சதை யாரும் எழுதல. எனக்குக் கூலி வேணாம். மிஷின் மிதிக்கற அளவுக்கு மூச்சு குடும், போதும். ஆமென்."

திரும்பி வரும்போது ரயிலில்தான் இவர் பார்த்தார், போன் ரெக்கார்டிங்கிலேயே இருந்திருக்கிறது. முட்டி போடும்போது நிறுத்த மறந்துவிட்டார். காதில் வைத்துக் கேட்டவருக்கு முகமெல்லாம் வெளிச்சம்.

"எந்த ஆபீஸ் காகிதத்துலயும் இது இல்ல! சுரங்கம் அந்தக் குழியோட முடியல, துவைக்கிற கல்லு வரைக்கும் வந்திருக்கு. இதை வச்சுத்தான் பேசப் போறேன்."

"இது உங்ககிட்ட சொன்னது இல்லைங்க" என்றேன்.

"பேட்டிக்கு ஒத்துக்கிட்டாங்களே."

"பேட்டிக்கு ஒத்துக்கிட்டாங்க. ஜெபத்துக்கு இல்ல."

"பேரு போட மாட்டேன்மா."

"பேரு போட்டா என்ன, போடலன்னா என்ன? ஆண்டவர்கிட்ட சொன்னதை எடுத்துக்கினு போய் நாம வேலை கேக்கறதா?"

அவர் போனைப் பைக்குள் வைத்தார். பிறகு மெதுவாக, "அக்கா வேணாம்னு சொல்லிட்டாங்கன்னா என்கிட்ட பேசறதுக்கு ஒண்ணுமே இல்ல. தெரியும்ல?" என்றார்.

"தெரியும். போய்க் கேப்போம்."

போனில் கேட்கிற விஷயமா இது? நேர்முகத்துக்கு முந்தின வியாழக்கிழமைதான் அவருக்கு ஓய்வு கிடைத்தது. அன்றைக்கு விவேக் நகருக்குப் போகாமல் அவரோடு தங்கவயலுக்குப் போனேன். குழந்தை இயேசு கோபித்துக்கொள்ள மாட்டார் என்று நிச்சயமாகத் தெரியும்.

அக்கா மிஷினில் கால் வைத்தபடியே தன் குரலைக் கேட்டார். என் கணவர் அதைப் பேச்சுக்குத் தகுந்த மாதிரி வெட்டிச் சரிசெய்து வைத்திருந்தார். முடிந்ததும் அக்கா என்னைப் பார்த்தார்.

"இதைக் கேக்கவா ரயிலு புடிச்சு வந்தீங்க?"

"ஆமாக்கா. அது ஜெபத்துல சொன்னதாச்சே."

"போடி பைத்தியக்காரி! ஆண்டவருக்கு மட்டும் சொல்றதுன்னா வாய்க்குள்ளயே சொல்லிக்க மாட்டேனா? அவருக்கென்ன காது கேக்காதா? நீங்க ரெண்டு பேரும் பக்கத்துல இருக்கீங்கன்னுதானே சத்தமா சொன்னேன்."

"அப்ப நான் கேட்டப்பவே சொல்லியிருக்கலாமேக்கா" என்றார் இவர்.

"கேள்வி கேக்கறவங்களுக்குச் சொன்னா அழுகை வருது தம்பி. அவர்கிட்ட சொன்னா வர்றதில்ல." கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டார். "ஆமா, நடுவுல இருமினேனே, அது எங்க?"

இவர் தலையைச் சொறிந்தார். "ரொம்ப நீளமா இருந்திச்சு, கேக்கறவங்களுக்குப் புரியாதுன்னு எடுத்துட்டேன்."

"புரியலன்னா இன்னொரு தடவ போட்டுக் காட்டு. ஒரு வார்த்தை கூட்டாத, ஒரு வார்த்தை குறைக்காத. நான் அழுதேன்னு எழுதாத, நான் அழல. இருமினதையும் சேர்த்துத்தான் அவர்கிட்ட சொன்னேன், அதை வெட்டறதுக்கு நீ யாரு?"

இவர் சரி என்று தலையை ஆட்டினார்.

நேர்முகத்தன்று நானும் கூடப் போனேன். உள்ளே விடவில்லை. வெளியே ஒரு சிமெண்டு பெஞ்சில் ஜெபமாலையோடு உட்கார்ந்திருந்தேன். சாத்திய கதவுக்குப் பின்னால் இவர் குரல் இங்கிலீஷில் ஓடிக்கொண்டே இருந்தது. எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. திடீரென்று அக்காவின் குரல் தமிழில் கேட்டது. தொடர்ந்து இருமல். முழுசாக, ஒன்றும் வெட்டாமல். யாரோ ஏதோ கேட்டார்கள். மறுபடியும் அதே இருமல் கேட்டது. நான் ஜெபமாலையைப் பைக்குள் போட்டுவிட்டேன். ஆண்டவரிடம் கேட்க வேண்டியதையெல்லாம் அக்காவே கேட்டு முடித்திருந்தார்.

வேலை கிடைத்தது. முதலில் ஒப்பந்தம்தான், பிறகு நிரந்தரமானது. கீழ்வீட்டு அக்காவுக்கு இனிப்பு கொண்டுபோய்க் கொடுத்தேன்.

"அப்ப இனிமே படிக்க மாட்டாருல்ல?" என்றார்.

"இனிமேதான்க்கா நெறைய படிக்கணும்."

"அய்யோ பாவம்!"

தங்கவயல் அக்கா இன்னும் மிஷின் மிதிக்கிறார். என் கிறிஸ்துமஸ் ரவிக்கை அவர் தைப்பதுதான். படிக்கிற உங்களை ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். இதை உங்கள் வீட்டில் சொல்லுங்கள், அக்கம்பக்கத்தில் சொல்லுங்கள். சொல்லும்போது அவரை அழ வைத்துவிடாதீர்கள், அவர் அழவில்லை. அந்த இருமல் வருகிற இடத்தில் அது வரட்டும். நான் உங்களுக்கு எப்படிக் கொடுத்தேனோ அப்படியே அடுத்தவருக்குக் கொடுங்கள்.