அக்காவின் நீர்மாலைக் குடம்

அக்கா அவர்கள் மறைந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரில் அவர்களைப் பற்றி நான் எழுத வேண்டும் என்று அக்காவின் மகன், என் மருமகன், கேட்டுக்கொண்டார். நான்கு முறை எழுதிக் கிழித்தேன். துக்கத்தால் அல்ல. அக்கா போன நாள் முதல் எனக்குள் ஒன்றும் அசையவில்லை, அழுகையும் வரவில்லை. எழுதியவை எல்லாம் உண்மையைத் தொடாமல் சுற்றிப் போயின. அதனால் கிழித்தேன்.

ஓட்டப்பிடாரத்துக்கு மேற்கே எங்கள் கரிசல் கிராமத்தில் அக்கா பிறந்தார்கள். எனக்கு நான்கு வயதில் அம்மா இறந்தார். அக்காவுக்கு அப்போது பதினொன்று. அன்றோடு பள்ளியை விட்டார்கள். கோடையில் ஊருணி வற்றினால் ஓடை மணலைத் தோண்டி, ஊறுகிற தண்ணீரைச் சிரட்டையால் முகந்து குடத்தில் சேர்க்க வேண்டும். ஒரு குடம் நிறைய அரை நாள் ஆகும். அந்தத் தண்ணீரில் சோறு பொங்கி, என்னைக் குளிப்பாட்டிப் பள்ளிக்கு அனுப்பினார்கள். நான் கல்லூரி ஆசிரியரானது அப்படித்தான்.

எப்போதும்வென்றான் ஊர்ப் பக்கம் அக்காவைக் கட்டிக் கொடுத்தபோது, அப்பா அந்த ஆண்டுப் பருத்தியை விற்றுச் சீராக ஒரு பித்தளைக் குடம் வாங்கித் தந்தார். கழுத்தைச் சுற்றிக் கொடி வேலைப்பாடு உண்டு. நல்ல கனம். இளம் வயதில் கணவரை இழந்து, மிளகாய்த் தோட்டத்தில் பாடுபட்டு ஒற்றை மகனை வளர்த்த காலமெல்லாம் அந்தக் குடம்தான் அக்காவின் இடுப்பில் இருந்தது. யாரைப் பற்றியும் அவர்கள் குறை சொல்லி நான் கேட்டதில்லை. கேலி மட்டும் செய்வார்கள்.

எழுபதுகளின் நடுவில் நான் கோவில்பட்டியில் வீடு கட்டினேன். சென்னையில் ஒரு நண்பர் தம் கூடத்தில் பழைய பாத்திரங்களை அழகுக்கு அடுக்கியிருந்ததைப் பார்த்து எனக்கும் அந்த ஆசை பிடித்தது. ஊரெல்லாம் பித்தளையைப் போட்டு எவர்சில்வர் வாங்கிய காலம். பழைய பாத்திரக் கடையில் உருக்கப் போகும் முன்பே கூஜா, உருளி, பீங்கான் சாடி என்று பொறுக்கி வந்து மெருகேற்றி வைத்தேன். எச்சில் துப்பும் படிக்கத்தில் பிளாஸ்டிக் ரோஜா செருகினேன். வந்தவர்கள் பாராட்டினார்கள். அது போதவில்லை. அக்காவின் குடம் வேண்டும் என்று கேட்டேன்.

அக்கா புளி போட்டு விளக்கிக் கொடுத்தார்கள். “கொண்டு போலே. எனக்குப் பிளாஸ்டிக் கொடம் லேசாத்தான் இருக்கு. ஆனா ஒண்ணு, நான் போய்ச் சேந்தா நீர்மாலைக்கு இதுலதான் நீ தண்ணி கொண்டாரணும்.”

“சரிக்கா” என்றேன்.

இறந்தவரைக் குளிப்பாட்ட எடுத்து வரும் நீர்மாலைத் தண்ணீரில், பெண்ணுக்கு முதல் குடம் பிறந்த வீட்டுக் குடம் என்பது நம் வழக்கம். இளையவர்களுக்காகச் சொல்கிறேன்.

ஒரு மாதத்தில், மின்வேலை செய்பவர் ஒருவரை அழைத்து அந்தக் குடத்தின் அடியில் துளை போட்டு, வயரை உள்ளே விட்டு, வாயில் பல்பு மாட்டி மேசை விளக்காக்கினேன். துளை போடும்போது குடத்தைப் பிடித்துக்கொண்டவன் நான். “இனி தண்ணி எடுக்க மாட்டீங்கள்லா சார்?” என்று அவர் கேட்டார். மாட்டேன் என்றேன்.

அடுத்த ஆண்டு கண் வைத்தியத்துக்கு வந்த அக்கா இரண்டு நாள் எங்கள் வீட்டில் தங்கினார்கள்.

“ஏலே, துப்புத படிக்கத்துல பூவா? அப்பம் எச்சியப் பூச்சட்டியிலதான் துப்பணுமோ?” என்று சிரித்தார்கள். பிறகு விளக்கைப் பார்த்தார்கள். “எங்கொடத்துக்குத் தலை மொளச்சிருக்கே! அடியில ஓட்டை கீட்டை போட்டுட்டியாலே?”

“இல்லக்கா. வாயில மாட்டுனதுதான். கழத்திட்டா பழையபடி கொடம்.”

“அப்பஞ் சரி.”

மறுநாள் நான் எழுந்தபோது அக்கா கூடத்தைத் துடைத்து முடித்திருந்தார்கள். குடம் சற்றுத் தள்ளி இருந்தது. நான் யோசிக்கவில்லை.

அதன் பின் ஏழெட்டு ஆண்டுகள் அக்கா இருந்தார்கள். ஈயம் வைத்து அடைப்பது பத்து நிமிட வேலை. விளக்கு அழகாக இருந்தது. அடைக்கவில்லை.

சென்ற ஆண்டு சேதி வந்த காலையில் வயரைப் பிடுங்கி, துளையில் மெழுகை அடைத்து, குடத்தை மடியில் வைத்துப் பேருந்தில் போனேன். எட்டயபுரம் தாண்டும்போதே மெழுகு இளகி வேட்டியில் ஒட்டியது.

கிணற்றடியில் குடத்தைத் தண்ணீரில் அமுக்கப் போனேன். மருமகன் தாழ்ந்த குரலில், “விடுங்க மாமா, நிக்காது” என்றார்.

“ஒனக்கு எப்படித் தெரியும்?”

“அம்மா சொல்லிட்டுத்தான் போயிருக்காவ. அன்னைக்கு ஒங்க வீட்டுல தொடைக்கும்போது அடியில வெரலு போச்சாம். ‘ஒம் மாமன் கொடத்தோட வருவான், வேற கொடத்துலயும் தண்ணி எடுத்து வச்சிக்கோ, ஆளுக முன்னால அவன ஒண்ணும் கேட்ராத’ன்னாவ.”

அவர் அருகில் ஓர் எவர்சில்வர் குடம் நிறைந்திருந்தது. என் குடத்தில் இரண்டு சிரட்டை ஊற்றித் துண்டால் மூடித் தோளில் ஏற்றிவிட்டார். எல்லாருக்கும் முன்னால் நான் நடந்தேன். வாசலை அடையும் முன் தண்ணீர் என் முதுகில் வழிந்து தீர்ந்துவிட்டது. அக்காவின் தலைக்கு மேல் வெறும் குடத்தைச் சாய்த்தேன். கூடவே மருமகன் தம் குடத்தைச் சாய்த்தார்.

“பொறந்த வீட்டுக் கொடத்த இத்தனை வருசம் காப்பாத்திக் கொண்டாந்திருக்கீயளே அண்ணாச்சி” என்று அன்று உங்களில் பலர் என் கையைப் பிடித்துச் சொன்னீர்கள். நான் தலையாட்டினேன். அந்தச் சொல்லைத் திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள்.

நோயில் கிடந்த மாதங்களில் அக்காவைத் தூக்கி உட்கார வைத்து ஊட்டியவர்களுக்கும், தண்ணீர் வற்றியிருந்த நேரத்தில் கிணற்றைத் திறந்துவிட்ட பக்கத்துத் தோட்டத்தாருக்கும், வெயிலில் நின்று காரியங்களை நடத்திய உறவினர்களுக்கும் எங்கள் நன்றி. அந்த எவர்சில்வர் குடம் அக்காவின் மருமகளுக்குச் சீராக வந்தது. கேட்காமலே எடுத்துக் கொடுத்த அவருக்கும் நன்றி. அக்காவின் மேல் விழுந்தது அந்த மருமகள் பிறந்த வீட்டுக் குடத்துத் தண்ணீர். எங்கள் வீட்டுக் குடத்திலிருந்து ஒரு சொட்டும் விழவில்லை.

— தம்பி