ஆமென் சொல்லப் பயந்த ஞாயிறு

ரப்பர் விலை விழுந்து, தோட்டத்து ஆட்களைக் கூட்டங்கூட்டமாகக் கப்பலேற்றி ஊருக்கு அனுப்பிக்கொண்டிருந்த வருஷங்கள் அவை. நான் மலாயாவில், கோத்தா திங்கியில் உபதேசியாராக இருந்தேன். பெரிய படிப்பெல்லாம் கிடையாது. பால்மரம் வெட்டிக்கொண்டே வேதத்தை எழுத்துக்கூட்டிப் படித்தவன். ஆற்றுக்கு அக்கரையில் இன்னோர் உபதேசியார் இருந்தார், திருநெல்வேலிக்காரர். அவர் மிஷன் வேறு, என் மிஷன் வேறு. ஞானஸ்நானம் என்றால் ஆளை ஆற்றில் முழுக்கி எடுக்க வேண்டும் என்பார் அவர். தலையில் தெளித்தால் போதும் என்பேன் நான்.

"உம்ம ஆட்க மோட்சத்துக்குப் போனா தல மட்டுந்தான் உள்ள போவும் வே" என்று கேலி செய்வார்.

"உங்காளுங்க எல்லாம் ஜலதோஷத்தோடதான் போய்ச் சேருவாங்க" என்பேன்.

இவ்வளவு சண்டை இருந்தும், ஞாயிறு மத்தியானம் தோட்டங்களுக்குப் போகும்போது சேர்ந்தேதான் போவோம். தனியாகப் போக இருவருக்கும் பயம்.

பயப்படக் காரணம் இருந்தது. ஒரு தடவை தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் லயத்து வாசலில் அவர் கண்மூடி ஜெபித்துக்கொண்டிருந்தபோது எங்கிருந்தோ வந்த கல் அவர் காதைக் கிழித்துவிட்டது. எறிந்தவன் யார் என்று யாருக்குத் தெரியும்? நானும்தான் கண்ணை மூடியிருந்தேன். அதற்குப் பிறகு எங்களுக்குள் ஓர் ஏற்பாடு செய்துகொண்டோம். ஒருவர் கண்மூடி ஜெபித்தால் மற்றவர் கண்ணைத் திறந்து வாசலைப் பார்த்திருக்க வேண்டும். கேட்கச் சுலபமாக இருக்கும். ஆனால் "ஜெபிப்போம்" என்ற சொல் காதில் விழுந்த உடனே இமை தானாக இறங்கும் ஆட்கள் நாங்கள். அதை இழுத்துப் பிடித்து வைப்பதே பெரும் பாடு.

அவர் இருந்த கரையில், ஆற்றை ஒட்டி மேலே ஒரு தோட்டம். அங்கே ஒரு புருஷனும் மனைவியும் எங்கள் ஜெபத்துக்கு வந்து உட்கார ஆரம்பித்திருந்தார்கள். கொஞ்ச நாளில் புருஷன் காய்ச்சலில் படுத்துவிட்டான். அம்மன் கோயிலை இவர்கள் விட்டதால்தான் லயத்தில் காய்ச்சல் பரவுகிறது என்று ஆட்களை மேற்பார்க்கும் பெரிய கங்காணி சொன்னார். காலைப் பெரட்டில் ஆள் எண்ணும்போது அவன் இன்னும் வராமலே இருந்தால் குடும்பத்தோடு கப்பலேற்றிவிடுவதாகவும் சொன்னார். இரண்டு உபதேசிகளும் இனி லயத்துக்குள் கால் வைத்தால் அந்தக் காலோடு திரும்பமாட்டார்கள் என்று கள்ளுக்கடையில் எல்லார் காதிலும் விழச் சொன்னார்.

அதே வாரம் அவன் மனைவி ஓர் ஆள் மூலம் சொல்லி அனுப்பினாள்: "அவருக்குப் பேச்சு கொளறுது. ஒருக்கா வந்து ஜெபம் பண்ணிட்டுப் போங்க."

"அடுத்த வாரம் போலாங்களா?" என்று கேட்டேன்.

"அடுத்த வாரம் அவன் இருப்பானா வே?" என்றார் அவர். குடையைக் கையில் எடுத்துக்கொண்டார்.

போனோம். லயத்தில் ஒருவரும் எங்களைப் பார்க்கவில்லை. பார்க்காத மாதிரி இருந்தார்கள் என்று சொல்ல வேண்டும். அந்த ஒற்றை அறையில் அவன் பாயில் கிடந்தான். கண் சிவந்து, உதடு வெடித்திருந்தது. மனைவி தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். அவர் முழங்காலில் நின்று கண்ணை மூடி ஜெபத்தைத் தொடங்கினார். நான் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வெளிச்சம் மறைந்தது. வாசலில் கங்காணி. அவருக்குப் பின்னால் நாலைந்து ஆட்கள், கையில் பால் வாளி தூக்கும் காண்டாக் கம்புகள்.

எழுந்து ஓட வழியில்லை, அந்த அறைக்கு ஒரே வாசல். கண்மூடி ஜெபித்துக்கொண்டிருந்தவருக்கு எப்படியாவது தெரிவிக்க வேண்டும். ஜெபத்தை நிறுத்தினால் உடனே அடி விழும் என்று தோன்றியது. அவர் மூச்சு வாங்கிய இடத்தில் நான் சத்தமாக நுழைந்தேன்.

"ஆண்டவரே, இப்போ வாசல்ல வந்து நிக்கிற கங்காணியாரையும், அவரு கூட்டிட்டு வந்த ஆளுங்களையும், அவங்க கையில இருக்குற கம்பையும் கண்ணோக்கிப் பாரும்!"

திருநெல்வேலிக்காரரின் முதுகு விறைத்தது. ஆனால் கண்ணைத் திறக்கவில்லை. "ஆமா ஆண்டவரே, பாரும்! நல்லாப் பாரும்!" என்று இன்னும் உரக்கச் சொன்னார்.

யாரும் உள்ளே வரவில்லை. ஜெபம் நடக்கும்போது அடிக்க அவர்களுக்கும் மனம் வரவில்லைபோலும். முடியட்டும் என்று நின்றார்கள். முடிந்தால் எங்கள் கதை என்ன? ஆகவே முடிக்கவே இல்லை. எனக்குத் தெரிந்ததையெல்லாம் ஜெபத்தில் போட்டேன். ஊரில் தனியாக இருக்கும் கங்காணியின் தாயாரைச் சொன்னேன். மழை நாளில் கங்காணியைப் படுத்தும் முட்டி வலியைச் சொன்னேன். எனக்குத் தொண்டை வறண்டதும் திருநெல்வேலிக்காரர் பிடித்துக்கொண்டார். துரையை, கணக்கெழுதும் கிராணியை, ஆற்றில் சம்பான் படகு தள்ளுகிறவனை, கடலில் போகும் கப்பல்களை எல்லாம் ஆசீர்வதித்தார். அவருக்கு வறண்டதும் நான் பிடித்துக்கொண்டேன். முதுகில் வியர்வை ஒழுகியது. ஆட்களில் ஒருவன் கம்பைக் கை மாற்றிக்கொண்டான்.

நாங்கள் ஏன் ஜெபத்தை முடிக்காமல் இழுக்கிறோம் என்று நோயாளியின் மனைவிக்குத் தெரியாது. எங்களுக்கு நேரமாகிறது என்று நினைத்தாளோ, புருஷன் தண்ணீருக்குத் தவித்ததைப் பார்த்தாளோ, நல்ல உரத்த குரலில், "ஆமென்!" என்றாள்.

ஜெபம் முடிந்துவிட்டது.

கங்காணி என்னைப் பார்த்தார். "எங்காத்தாளப் பத்தி ஒனக்கு யாரு சொன்னது?" என்றார். பிறகு பாயில் கிடந்தவனைக் கைகாட்டினார். "சரி. இவன் எந்திரிச்சு பெரட்டுக்கு வந்தான்னா இருந்துட்டுப் போவட்டும். செத்தான்னு வையி, ஒங்க ரெண்டு பேரையும் எங்க இருந்தாலும் தேடி வருவேன். போங்கய்யா."

அவர் ஆட்கள் சடக்குச் சாலை வரைக்கும் எங்கள் பின்னாலேயே வந்தார்கள். நாங்கள் திரும்பிப் பார்க்கவில்லை.

எங்கள் கால்கள் இப்போது ஒருவனுடைய காய்ச்சலில் தொங்கிக்கொண்டிருந்தன. தோட்டம் இருக்கும் கரையில் தனியாக இருக்கத் திருநெல்வேலிக்காரருக்குத் துணிவில்லை. அந்த வாரம் என் வீட்டிலேயே தங்கினார். நாய் குரைத்தால் இருவரும் எழுந்து உட்கார்ந்துவிடுவோம். "அவன் பிழைக்கணும்னு ஜெபிக்கமே, அவனுக்காவவா, நம்ம காலுக்காவவா வே?" என்று ஒரு நாள் கேட்டார். இரண்டுக்கும்தான் என்றேன். "அப்ப அவன் பேர முதல்ல சொல்லும்" என்றார்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் கதவு தட்டப்பட்டது. இடுக்கு வழியாகப் பார்த்தேன். கங்காணியோடு வந்த ஆட்களில் ஒருவன், தோளில் காண்டாக் கம்பு. நாங்கள் இருவரும் பெஞ்சை இழுத்துக் கதவுக்கு முட்டுக் கொடுத்தோம்.

"ஐயா, தொறங்க. காச்சல் வுட்டுடுச்சு. இன்னிக்குப் பெரட்டுக்கு வந்துட்டான்."

பெஞ்சை நகர்த்தினோம். சொல்லிவிட்டுப் போவான் என்று பார்த்தால், உள்ளே வந்து கதவை அவனே சாத்தினான்.

"அன்னிக்கு எல்லாரையும் சொன்னீங்க. கங்காணி, அவரு ஆத்தா, முட்டி வலி, கப்பலக்கூட சொன்னீங்க. என்னைய மட்டும் வுட்டுட்டீங்களே. எம் பொண்டாட்டிக்கு ஒம்பதாம் மாசம். முன்ன ரெண்டும் தங்கல." குரலைத் தாழ்த்தினான். "கங்காணிக்குத் தெரிஞ்சா தோல உரிச்சிருவாரு."

அவன் எங்களைவிட அதிகம் பயந்திருந்தான். மூவரும் கீழே உட்கார்ந்து, அவள் பேரைச் சொல்லி, அடுத்த வீட்டுக்குக் கேட்காத குரலில் ஜெபித்தோம்.

போகும்போது படியில் நின்றான். "ஞாயித்துக்கெழம அந்தப் பக்கம் வராதீங்க ஐயா. அடிக்கச் சொன்னா நான் அடிச்சுத்தான் ஆவணும்." கொஞ்சம் யோசித்தான். "ஓங்கி அடிக்க மாட்டேன்."

"எந்தக் கால்ல அடிப்பீரு?" என்றார் அவர். "இப்பமே சொன்னா அந்தக் கால முன்னால வைக்கேன்."

அவன் சிரித்துவிட்டான். அவரும் சிரித்தார். ஆனால் அவன் போனதும் பெஞ்சை மறுபடி இழுத்துக் கதவுக்கு முட்டுக் கொடுத்தார்.

ஞாயிறு வந்தது. லயத்தில், காய்ச்சலில் கிடந்தவனின் மனைவி எங்களுக்காகப் பாய் விரித்து வைத்திருப்பாள் என்று இருவருக்கும் தெரியும். சம்பானில் அவர் முதலில் ஏறி, எனக்கு இடம்விட்டு நகர்ந்து உட்கார்ந்தார். நானும் ஏறியதும் சம்பான் தோட்டத்துக் கரைக்குக் கிளம்பியது.