அடைக்கோழி என்று நினைத்தேன்

ஐப்பசி மழை விட்ட ஒரு காலையில் எங்கள் சாம்பல் கோழி குப்பைமேட்டுக்குப் போகவில்லை. கோழிகளை மூடிவைக்கும் பஞ்சாரத்தைத் தூக்கியதும் முதலில் ஓடுவது அதுதான். அன்று இரண்டு எட்டு வைத்துவிட்டுச் சுவரோரம் போய், இறகை உப்பிக்கொண்டு உட்கார்ந்தது. மறுநாளும் அப்படியே.

அலங்காநல்லூருக்குப் பக்கத்து ஊர் எங்களுடையது. நான் மதுரை சிம்மக்கல்லில் ஒரு மொத்தக்கடையில் சாக்குத் தைக்கிறேன். ஐந்தாம் வகுப்புதான் படிப்பு. வயதான கோழி வைத்திருப்பவர்கள் நான் செய்ததைச் செய்துவிடக் கூடாது என்பதற்காக இதை எழுதுகிறேன்.

அப்படி வைத்திருப்பவர்கள் குறைவு என்று தெரியும். முட்டை நின்றால் குழம்பு வைத்துவிடுவோம். நாங்களும் மற்றக் கோழிகளை அப்படித்தான் செய்தோம். இதை மட்டும் என் மனைவி பேச்சி விடவில்லை. எமர்ஜென்சி வந்த வருடம் அவளுக்குக் காசநோய் (நுரையீரலை அரிக்கும் நோய்) வந்தது. பெரியாஸ்பத்திரியில் ஊசி போட்டு, முட்டை சாப்பிடச் சொன்னார்கள். அவள் தின்ற முட்டையில் பாதிக்கு மேல் இந்தக் கோழி இட்டது. முட்டை நின்று இரண்டு வருடமாகியும் அதன் கழுத்தில் கத்தி வைக்க அவள் சம்மதிக்கவில்லை.

சுவரோரம் கிடந்த கோழியைப் பேச்சியின் அண்ணன் மாயாண்டி பார்த்தார்.

"அடைக்குக் கெடக்கு மாப்ள. மூணு நாளைக்குத் தண்ணியில முக்கி எடு, தெளிஞ்சிரும்."

"இதுக்கு வயசாச்சே மச்சான்."

"ஏன், வயசானா ஆசை போயிருமா? ஒன்னயவே கேட்டுப் பாரு."

பேச்சி அங்கேயே நின்றுகொண்டிருந்தாள். எனக்குக் கூச்சமாகிவிட்டது. மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை.

அடை (முட்டைமேல் உட்கார்ந்து குஞ்சு பொரிக்கும் வேட்கை) தெளியக் கோழியைத் தண்ணீரில் முக்குவது எங்கள் பக்கத்து வழக்கம். மூன்று நாள், வேலைக்குக் கிளம்பும் முன் தொட்டியில் முக்கினேன். முதல் நாள் சிறகடித்தது. மூன்றாம் நாள் கண்ணை மூடிக்கொண்டு கையிலேயே கிடந்தது. தெளிந்துவிட்டது என்று நினைத்தேன். சாயங்காலம் திரும்பி வந்தபோது ஒரு பக்கமாகச் சாய்ந்து, மூச்சுக்காக அலகைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தது.

அடைக்கோழியைத் தொட்டால் சிலிர்த்துக்கொண்டு கொத்த வரும். அடிவயிறு சூடாக இருக்கும். இது கொத்தவே இல்லை. கொண்டை ஓரத்தில் நீலம் ஏறியிருந்தது. நெஞ்செலும்பு கத்தி முதுகு மாதிரி கையில் தட்டியது. வயிறு மட்டும் நீர் நிறைந்த பையாகத் தொங்கியது. மூன்று நாள் கையில் பிடித்தும் இவற்றில் ஒன்றையும் நான் பார்க்கவில்லை.

மறுநாள் கடைக்கு லீவு சொல்லிவிட்டு, கூடையில் வைத்து மதுரை பஸ்ஸில் ஏறினேன்.

"என்னண்ணே, மருமகனுக்கு விருந்தா?" என்றார் கண்டக்டர்.

"ஆமா" என்றேன். கோழியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிறேன் என்று சொல்ல வாய் வரவில்லை.

"கெழடா இருக்கே. வெந்து முடியறதுக்குள்ள மருமகன் ஊருக்குப் போயிருவாரு."

பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அது மூச்சுக்குத் திணறுவது கூடை வழியாக என் முழங்காலில் தெரிந்துகொண்டே இருந்தது.

கால்நடை ஆஸ்பத்திரியில் மாடுகளுக்கும் ஆடுகளுக்கும் பிறகு எங்கள் முறை வந்தது. டாக்டர் வயது கேட்டார். பத்தாவது இருக்கும் என்றேன்.

"பத்து வயசுக் கோழிய நான் பாத்ததே இல்லய்யா. அதுக்குள்ள சாப்பிட்டுருவாங்க."

தொற்று நோய் இல்லை என்றார். வயிற்றில் நீர் கோத்திருந்தது. இருதயம் தளர்ந்தால் அப்படி ஆகும், முட்டைப்பை கெட்டாலும் ஆகும் என்றார். ஊசியால் கொஞ்சம் நீரை எடுத்தார். மூச்சுத் திணறல் சற்றுக் குறைந்தது. அப்போதுதான் என்னால் சொல்ல முடிந்தது.

"மூணு நாளு தண்ணியில முக்கிட்டேன் சார்."

அவர் திட்டவில்லை. "முக்காட்டியும் ரொம்ப நாள் இருந்திருக்காது. ஆனா இம்புட்டுச் சளி கட்டியிருக்காது" என்றார். வலியில்லாமல் முடித்துவிடலாம், இல்லையென்றால் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளலாம், யோசித்துச் சொல் என்று அனுப்பினார்.

வீட்டில் பேச்சியிடம் சொன்னேன். அவள் கோழியைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"எனக்கு முடியாமக் கெடந்தப்ப ஒங்ககிட்ட யாராச்சும் இப்பிடிக் கேட்டிருந்தா?"

வைத்துப் பார்த்துக்கொண்டோம். காய்ந்த வைக்கோல்மேல் சாக்கு விரித்தோம். மற்றக் கோழிகள் கொத்தாமல் தனியே வைத்து, காலை வெயில் காட்டினோம். கம்பை ஊறவைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தோம். இரைப்பை (கழுத்தடியில் தீனி தங்கும் பை) காலியானதைத் தடவிப் பார்த்தபிறகே அடுத்த வேளை. பின்பக்கம் அசுத்தமானால் வெந்நீர்த் துணியால் துடைத்து, உடனே ஈரம் போக ஒற்ற வேண்டும். குளிப்பாட்டவே கூடாது.

தண்ணீர்தான் கஷ்டமாக இருந்தது. நான் கிண்ணத்தை நீட்டினால் கழுத்தை உள்ளே இழுத்துக்கொண்டது. பேச்சி உள்ளங்கையில் ஏந்தினால் குடித்தது. என் உள்ளங்கையை நீட்டியும் பார்த்தேன். வேலைக்குப் போகும் முன்பும் வந்த பின்பும் தினம் நீட்டினேன். "விடுங்க, நான் குடுத்துக்கிறேன்" என்பாள் பேச்சி.

பதினோராம் நாள் காலையில் என் கையில் மூன்று வாய் குடித்தது. அதற்கு முந்தின நாளே இரண்டு கண்ணிலும் பார்வை போயிருந்தது. பேச்சி அதைச் சொல்லவில்லை. எனக்கும் தெரியும்.

மறுநாள் நான் சிம்மக்கல்லில் இருந்தபோது, மத்தியானம் பேச்சியின் மடியில் கழுத்தை நீட்டி உயிரை விட்டது. டாக்டர் சொன்னபோதே முடித்திருக்கலாமோ என்று அவள் ஒருமுறை கேட்டாள். அந்தப் பன்னிரண்டு நாளும் அதற்கு வேண்டியதா, எனக்கு வேண்டியதா என்று இன்னும் எனக்குத் தெரியவில்லை.

இப்போதெல்லாம் காலையில் எழும்போது என் முழங்கால் நிமிர நேரம் பிடிக்கிறது. பேச்சியும் வேலை நடுவில் சுவரில் சாய்ந்து கண்ணை மூடுகிறாள். முன்பானால் "என்ன சோம்பல்?" என்று கேட்டிருப்பேன். இப்போது பக்கத்தில் உட்கார்ந்து அவள் மூச்சைக் கவனிக்கிறேன். அதற்குள் ஏழரை மணி பஸ் போய்விடும். அடுத்தது வரும்வரை உட்கார்ந்திருப்போம்.