நாலு மணிக்கு இருட்டிய மண்கோட்டை

பிள்ளைகளே, மண்ணாலும் கோட்டை கட்டலாம் என்பது லண்டனுக்கு வந்த பிறகுதான் எனக்குத் தெரியும். மேட்டு நிலத்தைச் சுற்றி அகழிபோல ஆழமாகக் கிடங்கு வெட்டி, அந்த மண்ணை உள்பக்கம் அணையாகக் குவித்து, அதன்மேல் மரவேலி அடைப்பார்கள். கடலுக்கு அப்பால், பிரான்ஸில், கோல் என்ற பழைய மக்கள் குன்றுகளில் இப்படித்தான் காவல் இருந்தார்களாம். லண்டன் ஓரத்துக் காட்டுக்குள்ளும் அந்தக் காலத்துக் கோட்டை ஒன்று இருக்கிறது. ஒரு பிடி மண் எடுக்கவும் கூடாது என்று சட்டம். இதெல்லாம் என் மகள் சொல்லித் தெரிந்துகொண்டதுதான்.

அவளுடைய வகுப்பு அந்தக் கோட்டையைப் பார்க்கப் போன அன்று அவளுக்கு அம்மாள் வருத்தம். உடம்பெல்லாம் அம்மைக் கொப்புளம். இரண்டு வாரம் கழித்துத் திங்கட்கிழமை எல்லாரும் கோட்டையின் மாதிரி ஒன்று செய்துகொண்டுபோய் வகுப்பில் காட்ட வேண்டும்.

"பார்க்காமல் எப்பிடி அப்பா செய்யிறது?" என்று அழுதாள்.

தலைக்குத் தண்ணீர் வார்த்த பிறகு வந்த ஞாயிறு காலை காரை எடுத்தேன். பனிக்காலம், நாலு மணிக்கே இருட்டிவிடும். நாங்கள் இருக்கும் ஆர்ச்வேயிலிருந்து நேரே போயிருந்தால் மத்தியானத்துக்கு முன்பே போய்ச் சேர்ந்திருப்போம். மனைவிதான் தொடங்கினார்.

"எட்மண்டனாலதானே போறம். அக்கா வீட்டு வாசலில தலையைக் காட்டிப்போட்டுப் போவம். பிறகு தெரிஞ்சால் மனம் நோவா."

எங்கள் ஆட்களின் வீட்டில் தலையை மட்டும் காட்டிவிட்டு யாராவது தப்பியதுண்டா?

"என்ன தம்பி, பிள்ளை வருத்தத்தால எழும்பி முதல்முதல் வெளிக்கிட்டு வந்திருக்கு. வெறும் வயித்தோட அனுப்புறதோ?" என்றார் மனைவியின் அக்கா. அப்போதுதான் இடியப்பத்துக்கு மா குழைக்கத் தொடங்கினார்.

"நேரம் போகுது அக்கா. இருட்டினால் ஒண்டும் தெரியாது."

"ரெண்டாயிரம் வருசம் நிண்ட கோட்டை இன்னும் ரெண்டு மணித்தியாலம் நிக்காதோ?" என்று சகலன் உள்ளே இருந்து கேட்டார். எல்லாரும் சிரித்தார்கள். மகள் சப்பாத்தைக் கழற்றாமல் கதவடியிலேயே நின்றாள். சாப்பிட்டோம். தேத்தண்ணி வந்தது. எழும்பினால் சகலன், "நில்லும், நானும் வாறன்" என்று சட்டை மாற்றப் போனார். மனைவி அக்காவோடு நின்றுகொண்டார். எனக்குப் பல்லைக் கடிப்பதைத் தவிர வேறு வழியில்லை.

காட்டுக்குள் நாங்கள் இறங்கியபோது வெளிச்சம் மரங்களின் நுனியில்தான் இருந்தது. ஈரச் சருகில் வழுக்கி வழுக்கி ஒரு மண் அணையில் ஏறினோம்.

"எங்கை கோட்டை?" என்றார் சகலன்.

"நீங்கள் நிக்கிறதுதான் அண்ணை."

"இதுவோ! எங்கட தோட்டத்து வரம்பு இதைவிட உயரம். இதுக்கோ ஒரு அறிவிப்புப் பலகை?"

காலையிலிருந்து அடக்கியது பொங்கிவிட்டது. "நேரத்துக்கு வந்திருந்தால் சுத்திப் பார்த்திருக்கலாம். உங்கட வரம்பு ரெண்டாயிரம் வருசம் நிண்டதோ?" என்றேன். அவர் யாழ்ப்பாணக் கோட்டையை இழுத்தார். நான் இடியப்பத்தை இழுத்தேன். கையை ஆட்டி ஆட்டிக் கதைத்துவிட்டுத் திரும்பினால் பிள்ளையைக் காணவில்லை.

"அப்பா!" குரல் காலடியிலிருந்து வந்தது. "என்னைத் தெரியுதா?"

தெரியவில்லை. கிடங்கின் அடியில் நின்றாள்.

"இஞ்சையிருந்து பார்த்தால் மலை மாதிரிக் கிடக்கு! நீங்கள் ரெண்டு பேரும் ஆகாயத்தில நிக்கிறியள்!"

நான் இறங்கிப் போய் அவள் பக்கத்தில் நிற்பதற்குள் முற்றாக இருட்டிவிட்டது. அணை எந்தப் பக்கம் வளைந்து போகிறது என்றும் தெரியவில்லை. கையைப் பிடித்துக் காருக்குக் கூட்டிவந்தேன்.

அன்று மாலை கோதுமை மாவைக் குழைத்துக் கோட்டை செய்தாள். திங்கள் பள்ளிக்கூடத்தால் வந்ததும் கேட்டேன்.

"ரீச்சர் என்ன சொன்னவ?"

"மேலை நிக்கிற ரெண்டு பேரும் ஆர் எண்டு கேட்டவ. காவல்காரர், சண்டை பிடிக்கினம், எதிரி கிடங்குக்க வந்ததும் தெரியேல்லை எண்டு சொன்னன். எல்லாரும் சிரிச்சவை."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் திருப்பிக் கொண்டுவந்த தட்டை அப்போதுதான் பார்த்தேன். கோட்டை பிறைபோல அரைவட்டமாக இருந்தது.

"மற்றப் பாதி எங்கை பிள்ளை?"

"அதை நாங்கள் பார்க்கேல்லைத்தானே, அப்பா."