கரிமுகனின் முதல் கொலை

உடையப்பனைப் பார்த்துப் பயப்படாத பிள்ளை அந்த மலேசியத் தோட்டத்தில் கிடையாது. அதில் அவருக்குக் கொள்ளைப் பெருமை. பகலில் அவர் எண்ணெய்க்குச் செம்பனைக் குலை வெட்டுகிற ஆள். வேலை வாங்குகிற மண்டோர் குரலை உயர்த்தினால் தலையைச் சொறிந்துகொண்டு நிற்பார். ஆனால் வருஷத்தில் ஒரு மாலை, மாரியம்மன் திருவிழாவுக்கு மறுநாள் கோயில் திடலில் நாடகம் போடும்போது, அவர்தான் கரிமுகன். தேங்காயெண்ணெயில் குழைத்த அடுப்புக்கரியை முகம், கழுத்து, காது என்று அப்பிக்கொண்டு, தோளில் தாம்புக்கயிற்றோடு மேடைக்கு வருவார். ஒரு வார்த்தை பேசமாட்டார். கரிமுகன் யார், எங்கிருந்து வந்தான், எதற்காகக் கொல்கிறான் என்று யாருக்கும் தெரியாது. தெரியாததுதான் பயம். பக்கத்து ஊர் தஞ்சோங் காராங்கிலிருந்துகூட மோட்டார் சைக்கிளில் வந்து பயந்துவிட்டுப் போனார்கள்.

நாடகம் முடிந்ததும் அங்கே ஒரு முறை உண்டு. கொலைகார வேஷம் கட்டியவன் வேஷத்தோடு வாசற்படியைத் தாண்டக்கூடாது. வீட்டுப் பெண் ஒருத்தி மஞ்சள் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்ட பிறகுதான் உள்ளே போகலாம். இல்லாவிட்டால் வேஷத்தின் பாவம் ஆளோடு ஒட்டிக்கொள்ளுமாம். உடையப்பன் கல்யாணம் கட்டாதவர். அதனால் அவருடைய அம்மா இராஜம்மாதான் ஒவ்வொரு வருஷமும் லயத்து வீட்டு வாசலில் வாளியோடு நிற்பார். நாற்பது வயது மகனைக் குந்தவைத்து, காதுக்குப் பின்னால் நார் போட்டுத் தேய்த்தபடி, "இன்னிக்கு எத்தன உசுருடா எடுத்த?" என்று கேட்டுச் சிரிப்பார். சிரிக்கும்போது முந்தானையால் வாயை மூடிக்கொள்வது அந்த அம்மாவின் வழக்கம். முன்பல் இரண்டு கிடையாது. உடையப்பனுக்கு நாடகத்தைவிட அந்த வாளித் தண்ணீர்தான் பிடிக்கும். இதை வெளியே சொன்னால் கரிமுகனுக்கு மரியாதை என்ன ஆவது?

நாடகத்தை எழுதுகிறவர் கதிரவேலு, தோட்டத்து ஆபீஸில் கணக்கு எழுதுகிற கிராணி. யாழ்ப்பாணத்துக் குடும்பம், இங்கிலீஷ் படிப்பு. ஆனாலும் லயத்துக்காரர்களோடு உட்கார்ந்து தேத்தண்ணி குடிக்கிற மனிதர் என்று பெயர் வாங்கியிருந்தார். எண்பதுகளில் வீடியோ வந்ததும் அவருக்குத் தலைவலி பிடித்தது. கோலசிலாங்கூர் டவுனில் கேசட் வாடகைக்குக் கிடைத்தது. எந்த வீட்டில் வீடியோ டெக் இருக்கிறதோ அந்த வீட்டில் தோட்டமே குந்தியிருந்தது. கரிமுகனுக்குப் பாய் விரித்தவர்கள் குறைந்துபோனார்கள்.

கிராணியும் ஒரு பேய்ப்படக் கேசட்டை எடுத்துப் பார்த்தார். முதல் படத்தில் வெட்டித் தள்ளியவன் சின்ன வயதில் எப்படி இருந்தான், யார் அவனைக் கெடுத்தது என்று அடுத்த படத்தில் காட்டியிருந்தார்கள். அன்றைக்கே முடிவு செய்துவிட்டார். அந்த வருஷம் கரிமுகனின் முன்கதை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை உடையப்பனைப் பாசிர் பெனம்பாங்குக்கு நண்டு சாப்பிடக் கூட்டிப்போனார். தோட்டத்துக் கிராணி குலை வெட்டுகிறவனைக் காரின் முன்சீட்டில் உட்காரவைத்துக்கொண்டு போவது சாமானியக் காரியமா? உடையப்பன் நண்டை உடைக்காமல் தட்டில் உருட்டிக்கொண்டிருந்தார்.

"கரிமுகன்ர முகம் என்னெண்டு கரியாச்சு? நீர்தானே அத்தனை வருஷமா அவனாய் நிக்கிறீர். உமக்குத்தான் தெரியும். யோசிச்சுச் சொல்லும்," என்றார் கிராணி.

அதுவரைக்கும் யாரும் உடையப்பனை எதையும் யோசித்துச் சொல்லச் சொன்னதில்லை. அதில்தான் மனிதர் விழுந்தார். யாரிடமும் சொல்லாததைச் சொன்னார். தோட்டத்தில் ரப்பர் இருந்த காலம். சிறுவனாக இருந்தபோது அப்பாவின் ரப்பர் பால்வாளியைத் தட்டிக் கொட்டிவிட்டார். சம்சுச் சாராயம் குடித்திருந்த அப்பா பெல்ட்டை உருவிக்கொண்டு தேடினார். அம்மா இவரை இழுத்துப்போய், ரப்பர் ஷீட் காயப்போடும் புகைவீட்டில் தள்ளி, வெளியே தாழ்ப்பாள் போட்டுவிட்டாள். அன்றைக்கு நெருப்பு இல்லை. ஆனால் சுவரெல்லாம் கரி. அந்த இருட்டில் கரியோடு கரியாக உட்கார்ந்திருந்தபோது, கதவுக்கு வெளியே அப்பாவின் குரல் கேட்டது. கூடவே அம்மா சிரிப்பதும் கேட்டது.

"என்னப் பார்த்துதான் ரெண்டு பேரும் சிரிக்கிறாங்கன்னு நெனச்சேங்கய்யா. செத்துப்போயிடலாம்னு இருந்துச்சு."

கிராணியின் கண் கலங்கியது. உடையப்பன் மீதியையும் சொன்னார். அவன் அப்பவே மாமன் வீட்டுக்கு ஓடிப்போய்ட்டான் என்று சொல்லி, அப்பாவுக்குச் சந்தேகம் வராமல் இருக்கத்தான் அம்மா சிரித்திருக்கிறாள். அந்தச் சிரிப்புக்குத்தான் பெல்ட்டின் கொக்கி வாயில் விழுந்திருக்கிறது. கதவைத் திறந்தபோது முன்பல் இரண்டும் இல்லை. அன்றிலிருந்துதான் முந்தானையால் வாயை மூடிச் சிரிக்கிறாள். இது பெரியவனான பிறகுதான் அவருக்குப் புரிந்தது.

"இது எங்கட ரெண்டு பேருக்குள்ள இருக்கட்டும், உடையப்பன்," என்று கையைப் பிடித்துச் சொன்னார் கதிரவேலு. உடையப்பன் நம்பினார். நம்பாமல் என்ன செய்வார்?

கிராணி நாடகம் பழக்குகிற விதமே தனி. முழுக்கதையை யாருக்கும் சொல்லமாட்டார். அவரவர் பாகத்தை மட்டும் சொல்லிக்கொடுத்து, தனித்தனியாகப் பழக்குவார். சுங்கை பஞ்சாங் பக்கத்தில் ஒரு நாடகக் கோஷ்டி கதையைத் திருடிவிடும் என்று பயம். உடையப்பனுக்குக் கிடைத்த பாகம் கடைசிக் காட்சி மட்டும். கரிமுகனின் முதல் கொலை, ஒரு கிழவி. கிழவி வேஷம் கட்டுகிறவன் லோரியில் குலை ஏற்றுகிற அட்டெண்டன் சேது. யார் அந்தக் கிழவி என்று உடையப்பன் கேட்டார். மேடையில் தெரியும் என்றார் கிராணி.

தெரிந்தது. திடல் நிறைய ஆட்கள். இராஜம்மா வழக்கம்போல முன்வரிசையில் பாய் போட்டு உட்கார்ந்திருந்தார். கரி அப்பிக்கொண்டு படுதாவுக்குப் பின்னால் நின்ற உடையப்பன், முதல் காட்சியைப் பார்த்தார். தகரத்தில் வரைந்த ஒரு புகைவீட்டுக் கதவு. உள்ளேயிருந்து ஒரு பிள்ளை, "அம்மா, தெறந்து விடும்மா" என்று கதறியது. வெளியே புடவை கட்டிய சேது தாழ்ப்பாளைப் போட்டுவிட்டுச் சிரித்தான். முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தான். பெல்ட்டோடு தேடி வந்த அப்பன் அந்தக் கதையில் இல்லவே இல்லை.

அந்தச் சிரிப்பை அடையாளம் தெரியாதவர்கள் தோட்டத்தில் யார் இருக்கிறார்கள்? முன்வரிசை திரும்பி இராஜம்மாவைப் பார்த்தது. பிறகு பின்வரிசை எழுந்து நின்று பார்த்தது. "நம்ம ராஜம்மாவா? பெத்த பிள்ளையவா?" என்று ஒருத்தி உரக்கவே கேட்டாள்.

உடையப்பன் படுதாவுக்குப் பின்னாலேயே ஓடினார். படுதா ஓரத்தில் வசனம் எடுத்துக்கொடுக்க நின்ற கிராணியின் சட்டையைப் பிடித்தார். வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு கிராணியின் சட்டையில் கை வைத்தார். வெள்ளைச் சட்டையில் கரி ஒட்டிக்கொண்டது.

"மீதி எங்கய்யா? எங்கம்மா என்னைக் காப்பாத்துன கதையில்ல நான் சொன்னேன்? மீதி எங்க?"

"மிச்சத்தையும் போட்டால் அவன் என்னெண்டு கொலைகாரன் ஆவான், உடையப்பன்? தாய் காப்பாத்தின பிள்ளை கழுத்தை நெரிக்குமோ? சனத்துக்கு ஒரு காரணம் வேணும்," என்று சட்டையை விடுவித்துக்கொண்டார் கதிரவேலு. "போம், உம்மட கட்டம் வருது."

அப்போதுதான் உடையப்பனுக்கு முழுதாக உறைத்தது. அந்தக் கிழவி அம்மாதான். அம்மாவுக்கு முன்னால் அம்மாவைக் கொல்லத்தான் அவரை இத்தனை நாள் பழக்கியிருக்கிறார்கள். நண்டு வாங்கிக் கொடுத்தது, முன்சீட்டு, கண்ணீர், எல்லாம் இதற்குத்தான். அப்பாவின் பெல்ட்கூட அவருக்கு அப்படி வலித்ததில்லை.

கயிற்றோடு மேடையேறினார். சேது பயந்து நடுங்குவதாக நடித்துக்கொண்டிருந்தான். உடையப்பன் கயிற்றைக் கீழே போட்டார். அத்தனை வருஷமும் வாய் திறக்காத கரிமுகன் பேசினான்.

"இது பொய். எங்கம்மா என்னைப் பூட்டுனது எங்கப்பன்கிட்டேருந்து காப்பாத்த. சிரிச்சது அவனை ஏமாத்த. அந்தச் சிரிப்புக்காகத்தான் அவங்க பல்லு போச்சு. அம்மா, நீ நம்பாதம்மா!"

திடலில் யாரோ, "என்னலா இது, கரிமுகன் அழுவுறான்!" என்றார்கள். சிரிப்பு எழுந்தது. "கயித்த எடுடா!" என்று இன்னொரு பக்கம் கத்தினார்கள். பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்துக்குக் கண்ணைச் சுருக்கி உடையப்பன் முன்வரிசையைத் தேடினார். பாய் மட்டும்தான் இருந்தது. ஊர் திரும்பிப் பார்த்ததுமே அந்த அம்மா எழுந்து போயிருக்கிறார். ஊர் முழுக்கக் கேட்ட மீதிக் கதையை, கேட்க வேண்டியவர் ஒருவர் மட்டும் கேட்கவில்லை.

லயம் வரைக்கும் ஓடினார். வாசலில் மஞ்சள் தண்ணீர் வாளி இருந்தது. நாடகத்துக்குக் கிளம்புமுன் நிறைத்து வைத்தது. நாரும் குவளையும் பக்கத்திலேயே இருந்தன. கதவு ஒருக்களித்திருந்தது. உள்ளே விளக்கில்லை. அவர் படிக்குக் கீழேயே நின்றார்.

"அம்மா, வந்து ஊத்தும்மா."

"கரி பூசுனவ நான்தானாமே, நானே எப்படிடா கழுவுறது?" என்றது உள்ளேயிருந்து அம்மாவின் குரல்.

உடையப்பன் குந்தி உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னார். கிராணியிடம் என்ன சொன்னார், அவர் எதை வெட்டினார், மேடையில் தான் என்ன கத்தினார், எல்லாம். இருட்டுக்குள்ளிருந்து இராஜம்மா கேட்டார்.

"அந்த மீதி உனக்கு எப்பத் தெரியும்?"

"பெரியவனானப்பவே தெரியும்மா."

"தெரிஞ்சும் எங்கிட்ட ஒருநாளும் சொல்லல. மொதமொத கிராணிகிட்டதான் சொல்லத் தோணுச்சா?"

உடையப்பன் வாளித் தண்ணீரைத் தானே எடுத்துத் தலையில் ஊற்றிக்கொண்டார். மறுநாள் காலைப் பெரட்டில் வேலைக்கு வந்தவர்களின் பெயரைக் கதிரவேலு கூப்பிட்டபோது, முன்னால் வந்து நின்ற உடையப்பனின் காதுக்குப் பின்னால் கரி அப்படியே இருந்தது. கை எட்டாத இடம் அது. அவரைப் பார்த்து யாரும் பயப்படவில்லை. "பாவம், நல்ல மனுசன்," என்று பெண்கள் முணுமுணுத்தார்கள். இராஜம்மா இன்னும் பத்து வருஷத்துக்கு மேல் இருந்தார். மகனுக்குச் சோறு போட்டார், துணி துவைத்தார், காய்ச்சல் வந்தால் நெற்றிக்குப் பற்று அரைத்துப் போட்டார். சிரிக்க மட்டும் செய்யவில்லை.