கொல்லிமலைக்குப் போகாத கார்

கார் இன்சூரன்ஸ் படிவத்தில் ஏழாவது கேள்விக்கு நான் எழுதிய பதில் ஒரே வார்த்தைதான். அதை நினைத்தால் இப்போதும் எனக்குப் பயமாக இருக்கிறது.

உலகப் போர் முடிந்த மறு வருடம் அது. ஆனி மாதத்திலிருந்து இன்சூரன்ஸ் பத்திரம் இல்லாத மோட்டார் வண்டி ரோட்டில் ஓடக் கூடாது என்று சர்க்கார் உத்தரவு போட்டிருந்தது. வண்டி யார் மேலாவது மோதிவிட்டால் அடிபட்டவருக்குக் கம்பெனி நஷ்டஈடு கொடுக்கும். அதற்காக நாம் வருடத்துக்கு ஒரு தொகை கட்ட வேண்டும். பத்திரம் இல்லாமல் ஓட்டிப் பிடிபட்டால் அபராதம், இல்லாவிட்டால் ஜெயில். என் வீட்டுக்காரர் இதைச் சொல்லிவிட்டுக் கை கழுவிக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தார். எனக்கு ஜெயில் என்ற சொல் மட்டும் காதிலேயே நின்றுவிட்டது. மகளுக்கு அப்போது எட்டு மாதம்.

எங்களிடம் இருந்தது ஒரு பழைய கார், என் நகைகளை விற்று வாங்கியது. பேளுக்குறிச்சியிலிருந்து சேந்தமங்கலம், ராசிபுரம், நாமக்கல் என்று வியாபாரிகளை ஏற்றிக்கொண்டு போவார். சனிக்கிழமைச் சந்தையன்று மூன்று நடையாவது கிடைக்கும். எங்களுக்கு வேறு வருமானம் இல்லை.

அவர் பிறந்ததே ரங்கூனில். அங்கே பத்து வருடம் ஒரு அரிசி மில் முதலாளிக்குக் கார் ஓட்டினார். ஜப்பான்காரன் குண்டு விழுந்தபோது மற்றவர்களோடு காட்டு வழியாக நடந்து வந்தார். லைசென்சும் முதலாளி கொடுத்த நற்சான்றும் ஏதோ ஒரு ஆற்றில் போய்விட்டன. இங்கே வந்து சேலத்தில் புதிதாகப் பரீட்சை கொடுத்து லைசென்சு வாங்கினார். அதற்குப் பிறகுதான் எங்கள் கல்யாணம். ஊரில் இன்றுவரை அவருக்கு ரங்கூன்காரர் என்றுதான் பெயர்.

சேலத்தில் இன்சூரன்ஸ் ஏஜெண்டைப் பார்க்கப் போனபோது நானும் குழந்தையோடு கூடப் போனேன். ஏஜெண்ட் லைசென்சைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“மூணு வருசந்தானே ஆகுது?”

“ரங்கூன்ல பத்து வருசம் ஓட்டினேனுங்க. ஒரு கீறல் விழுந்ததில்லீங்க.”

“அதை யாரைக் கேக்கறது? ரங்கூனுக்குத் தந்தி அடிக்கட்டுமா?”

அங்கே இருந்த இரண்டு பேர் சிரித்தார்கள். என் வீட்டுக்காரரும் மரியாதைக்குச் சிரித்தார். பிறகு ஏஜெண்ட் ஒரு தொகையைச் சொன்னார். எங்கள் மூன்று மாத வருமானத்துக்கு மேல் இருந்தது.

எங்கள் காரில் வாராவாரம் சந்தைக்குப் போகும் மிளகு வியாபாரி சாயபு ஒரு வழி சொன்னார். மெட்ராஸில் ஒரு கம்பெனி குறைந்த தொகைக்குப் பத்திரம் கொடுக்கிறதாம், தபாலிலேயே எழுதிக் கேட்கலாமாம். படிவம் வந்தது. எல்லாம் இங்கிலீஷ். நான் நாமக்கல்லில் எட்டாம் வகுப்பு வரை படித்தவள் என்பதால் அது என் கைக்கு வந்தது. ஒவ்வொரு பதிலையும் முதலில் சிலேட்டில் எழுதிப் பார்த்து, அழித்து, மறுபடி எழுதிப் பார்த்துவிட்டுத்தான் பேனாவைத் தொட்டேன்.

வண்டி பெரும்பாலும் ஓடும் இடம் எது என்பது ஏழாவது கேள்வி. பேளுக்குறிச்சி என்றால் மெட்ராஸில் யாருக்குத் தெரியும்? எங்கள் பக்கத்தில் கல்யாணப் பத்திரிகையிலிருந்து கடிதம் வரை கொல்லிமலை அடிவாரம் என்றுதான் போடுவோம். அப்படியே எழுதப் போனேன். அடிவாரத்துக்குச் சரியான இங்கிலீஷ் வார்த்தை எது என்று சந்தேகம் வந்தது. தப்பாக எழுதிச் சிரிப்புக்கு ஆளாவதைவிட விட்டுவிடுவது மேல் என்று தோன்றியது. ‘கொல்லிமலை’ என்று மட்டும் எழுதினேன்.

பதினைந்து நாளில் பதில் வந்தது. செங்குத்தான மலைப்பாதையில் ஓடும் வண்டி, முன் அனுபவத்துக்குச் சான்று இல்லாத ஓட்டுநர், ஆகவே இவ்வளவு என்று ஒரு தொகை போட்டிருந்தது. சேலத்துக்காரர் கேட்டதைப் போல இரண்டு மடங்கு.

மலைக்கு மோட்டார் ரோடே கிடையாது. மலைக்காரர்கள் மிளகையும் பலாப்பழத்தையும் தலைச்சுமையாகத்தான் இறக்கி வருவார்கள். ஆடு ஏறத் தயங்கும் ஒற்றையடிப் பாதையில் என் வீட்டுக்காரரைக் கார் ஓட்ட வைத்தவள் நான். அந்தக் கடிதத்தை ராகி டப்பாவுக்குள் மாவுக்கு அடியில் வைத்தேன். பதில் வந்ததா என்று அவர் கேட்டபோது இல்லை என்றேன். அதுவரை அவரிடம் நான் பொய் சொன்னதில்லை.

ஆனி வந்தது. முதல் சனிக்கிழமை விடிந்ததும் அவர் காரைத் துடைக்க ஆரம்பித்தார்.

“ஏனுங்க, இன்னைக்கு வேண்டாமுங்க.”

“சாயபு மூட்டை கட்டி வெச்சுட்டுக் காத்திருப்பாரு, புள்ள. ஒரே ஒரு நடை. யாரு புடிக்கப் போறாங்க?”

நான் வாசலிலேயே நின்றேன். குழந்தை அழுதால்கூட உள்ளே போகாமல் அங்கேயே வைத்துப் பால் கொடுத்தேன். சைக்கிளில் யாராவது வந்தால், இதோ செய்தி சொல்ல வருகிறார்கள் என்று நினைத்தேன். போலீஸ் பிடித்தால்கூடப் பரவாயில்லை, யார் மேலும் மோதாமல் இருக்க வேண்டும் என்று வேண்டினேன். பிறகு, பிடித்தால் பரவாயில்லை என்று நினைத்ததே பலித்துவிடுமோ என்று பயந்தேன்.

மதியம் கார் வந்தது. இறங்கியவர் கதவைச் சாத்தாமல் நின்றார்.

“ஆடு ஒண்ணு குறுக்க வந்துருச்சு. அதைப் புடிக்க ஒரு பொம்பளப் புள்ள பின்னாலயே ஓடி வந்தா. ரெண்டு முழத்துல நின்னுச்சு வண்டி.”

அதற்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை. டப்பாவைக் கவிழ்த்துக் கடிதத்தை எடுத்துக் கொடுத்து, அதில் இருந்ததைச் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன்.

“நான் மலை மேல கார் ஓட்டறனா?” என்று கேட்டுவிட்டு, மாவு ஒட்டிய கடிதத்தோடு படியில் உட்கார்ந்துவிட்டார். மாவைத் தட்டிவிட்டு, “இனி பத்திரம் வராம வண்டியை எடுக்க மாட்டேன்” என்றார்.

அன்று மாலை சாயபு வந்தார். விஷயத்தைக் கேட்டு வயிறு குலுங்கச் சிரித்தார்.

“மலைக்குப் போற வழி எது, போவாத வழி எதுன்னு மெட்ராசுல குந்தியிருக்கறவனுக்கு எப்படித் தாயி தெரியும்? நாம திருத்தி எழுதினா மட்டும் நம்ப மாட்டான். ரோடு இல்லீன்னு மலைக்காரங்களே எழுதிக் குடுக்கட்டும். இவரு வண்டியில இத்தனை நாள் போறேன், ஒரு மிளகுகூட நசுங்கலீன்னு நான் எழுதித் தாரேன்.”

அடுத்த சந்தைக்கு, மலை மேல் பல ஊர்கள் சேர்ந்த திண்ணனூர் நாட்டுக்குத் தலைவரான பெரிய கவுண்டர் மிளகோடு இறங்கி வந்திருந்தார். சாயபு என்னை அவரிடம் அழைத்துப் போனார். நான் சொன்னதைக் கவுண்டர் முழுக்கக் கேட்டார்.

“ரோடு இல்லீன்னு எழுதோணுமா, அம்மிணி? ரோடு வேணும்னு கேட்டுக் கேட்டு என்ற தாடி நரைச்சுப் போச்சு. இப்ப நானே இல்லீன்னு எழுதிக் குடுத்தா, அதுவே போதும்னு விட்டுருவானுக.”

“இல்லாததை இல்லீன்னுதானுங்க எழுதறோம்,” என்றேன்.

“அதுஞ் சரி. ஆனா நாடு கூடிச் சம்மதிக்காம நான் கைரேகை வெக்க முடியாது. திங்கக்கிழமை கூட்டம். மேல வாங்க.”

அது அவர்கள் வழக்கம். தலைவர் என்றாலும் கூட்டம் கேட்காமல் எந்தக் காகிதத்திலும் கை வைக்க மாட்டார்.

திங்கட்கிழமை விடியற்காலையில் ஏறினோம். என் வீட்டுக்காரர் குழந்தையை முதுகில் துணியால் கட்டிக்கொண்டார். பாறை வழுக்கும் இடங்களில் நான் கீழே பார்க்காமல் அவர் குதிகாலை மட்டும் பார்த்து நடந்தேன். கால் தவறினால் குழந்தையும் போய்விடும். எல்லாம் நான் எழுதாமல் விட்ட ஒரு வார்த்தைக்காக. ஓரிடத்தில் உட்கார்ந்து அழுதேவிட்டேன்.

“வந்த வழியில இப்படித்தான் ஒரு மலை இருந்துச்சு,” என்றார் அவர். “உக்காந்தவங்க எந்திரிக்கல. எந்திரி, கண்ணு.”

பர்மா வழியைப் பற்றி அவர் என்னிடம் சொன்னது அவ்வளவுதான். எழுந்து நடந்தேன்.

கூட்டத்தில் முப்பது பேர் இருந்தார்கள். கவுண்டர் விஷயத்தைச் சொன்னதும் ஒருவர் எங்கள் வெடித்த கால்களைப் பார்த்தார்.

“ரோடு இல்லீங்கறதுக்கு இவங்க காலே சாட்சியாச்சே. இதுக்கு எதுக்குக் காயிதம்?”

எல்லோரும் சிரித்தார்கள். பிறகு நீண்ட நேரம் தங்களுக்குள் பேசினார்கள். கடைசியில் கவுண்டர் என்னிடம் வந்தார்.

“ரேகை வெக்கறோம். ஆனா படிச்ச புள்ள நீ. ரோடு வேணும்னு எங்களுக்கு ஒரு மனு எழுதிக் குடுத்துட்டுப் போ.”

பாறை மேல் உட்கார்ந்து இரண்டையும் எழுதினேன். கம்பெனிக்கான முதல் காகிதத்தில், இந்த மலைக்கு மோட்டார் ரோடு இல்லை. சர்க்காருக்கான இரண்டாவதில், இந்த மலைக்கு மோட்டார் ரோடு வேண்டும். ஒரே கையெழுத்தில் இரண்டும் போனால் ஏதாவது வம்பு வருமோ என்று யோசித்தேன். இரண்டிலும் பொய் இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மலைக்காரர்கள் ரேகை வைத்த காகிதம், சாயபுவின் கடிதம், திருத்திய படிவம் மூன்றையும் அனுப்பினோம். ஏழாவது கேள்விக்கு இந்த முறை சேந்தமங்கலம், ராசிபுரம், நாமக்கல் என்று மூன்று ஊர்ப் பெயரையும் எழுதினேன். ஒரு மாதம் கார் நின்றது. அவர் சந்தையில் மூட்டை தூக்கினார்.

பத்திரம் வந்தபோது நானே பிரித்தேன். எங்களால் கட்டக்கூடிய தொகைதான். ஆனால் அடியில் சிவப்பு மையில் ஒரு வரி டைப் அடித்திருந்தார்கள். கொல்லிமலை மேல் ஓட்டப்பட்டால் இந்தப் பத்திரம் செல்லாது.

படித்துச் சொன்னேன். அவர் ஜன்னல் வழியாக மலையைப் பார்த்தார்.

“ரோடு வந்தா மொத வண்டி நம்முளுதுதான்.”

எனக்குத் திக்கென்றது. கவுண்டர் தாலுகா ஆபீசில் கொண்டுபோய்க் கொடுத்திருக்கும் மனு நினைவுக்கு வந்தது. கொண்டை ஊசி வளைவுகள் எங்கெங்கே வரலாம் என்றுகூடக் கூட்டத்தில் சொன்னார்கள். அதையும் ஒன்று விடாமல் எழுதிக் கொடுத்திருந்தேன்.

அந்தச் சிவப்பு வரியைத் தமிழில் பெரிய எழுத்தில் எழுதி, காருக்குள் அவர் கண்ணில் படும் இடத்தில் கஞ்சிப் பசையால் ஒட்டினேன். சனிக்கிழமை அவர் வண்டியை எடுத்தார். ராசிபுரம் ரோட்டில் திரும்பும் சத்தம் கேட்கும்வரை வாசலில் நின்றேன். பிறகு, அன்று போல் வாசலிலேயே காத்திருக்காமல், குழந்தையை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன்.