அஞ்சு லிட்டர் கேஸ்

கம்ப்யூட்டரை லிட்டர் கணக்கில் அளக்கிற ஆட்கள் உலகத்தில் இருக்கிறார்கள். பாகங்களை உள்ளே வைத்து மூடுகிற உலோகப் பெட்டியைக் கேஸ் என்போம். அது எவ்வளவு இடத்தை அடைக்கிறது என்பதுதான் அந்த லிட்டர். மேசைக்கடியில் நிற்கிற சாதாரணப் பெட்டி நாற்பது ஐம்பது லிட்டர் வரும். பெரிய கேம் எல்லாம் ஓடுகிற கம்ப்யூட்டரைப் பத்து லிட்டருக்குள் அடக்கியவன் கெட்டிக்காரன். ஐந்துக்குள் அடக்கியவன் படம் போட்டால் இணையத்தில் பல நாட்டுக்காரர்களும் வந்து கும்பிட்டுவிட்டுப் போவார்கள். அந்தக் கூட்டத்தில் சேர்ந்து நானும் புத்தி பேதலித்துத் திரிந்த லீவைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன்.

நான் சரக்குக் கப்பலில் இன்ஜினியர். பாதி வருஷத்துக்கு மேல் கடல், மிச்சம் தூத்துக்குடி. கப்பலுக்குப் போகிறவன் தன் உலகத்தையே விமானத்தில் கையோடு கொண்டுபோகிற ஒரு பைக்குள் வைத்துக்கொள்ள வேண்டும். கேபினில் டிவி இருக்கும், மேசை இருக்கும். வேலை முடிந்து வந்தால் கேம் விளையாட ஒரு கம்ப்யூட்டர் மட்டும் பைக்குள் அடங்கிவிட்டால் போதும் என்று நினைத்தேன். இதைக் கேட்ட ஒவ்வொருவரும் லேப்டாப் வாங்கினால் என்ன என்றார்கள். அந்தக் கேள்வியைக் கேட்டாலே எனக்குக் கோபம் வரும். உப்புக்காற்றில் என் லேப்டாப் ஒன்று நடுக்கடலில் செத்துப்போனது. ஒரு பாகம் கெட்டால் மொத்தமும் குப்பை. தனித்தனிப் பாகமாகச் சேர்த்துக் கட்டினால், கெட்டதை மட்டும் கழற்றி எறியலாம். இது நான் வெளியில் சொன்ன காரணம். உள்ளே இருந்த காரணம் வெறும் பைத்தியம்தான்.

பைத்தியம் என்று ஏன் சொல்கிறேன் என்றால், சின்னப் பெட்டிக்குப் பாகம் தேர்ந்தெடுப்பது கூட்டுக்குடும்பத்தில் கல்யாணப் பந்தி பரிமாறுவது மாதிரி. ஒருவரைத் திருப்திப்படுத்தினால் இன்னொருவர் முகத்தைத் திருப்பிக்கொள்வார். கேமுக்குப் படம் வரைந்து தருகிற கிராபிக்ஸ் கார்டு கொஞ்சம் நீளமாக இருந்தால் பவர் சப்ளைக்கு இடமில்லை. பவர் சப்ளையைச் சின்னதாக்கினால் அந்தக் கார்டுக்குக் கரண்ட் பற்றாது. பிராசஸர் வேகமானது என்றால் சூடாகும். சூட்டைத் தணிக்கிற ஃபேன் உயரமாக இருந்தால் மூடி மூடாது. உயரம் குறைந்த ஃபேன் போட்டால் வேகமான பிராசஸர் வாங்கியதே வீண். காலையில் ஒரு ஜோடியைச் சேர்த்து வைப்பேன், மத்தியானம் பிரித்து வைப்பேன். சாயங்காலம் வேறு கேஸைப் பார்த்து, எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்குவேன்.

கடைசியில் கேஸை மட்டும் முடிவு செய்து சீனாவிலிருந்து வரவழைத்தேன். அது கஸ்டம்ஸில் மாட்டிக்கொண்டது. வருகிற வரை கை சும்மா இருக்கவில்லை. பேக்கரியில் மக்ரூன் போட்டுக் கொடுக்கிற அட்டைப்பெட்டி ஒன்றை எடுத்து, கேஸின் அளவுக்கு வெட்டி ஒட்டினேன். போர்டு, கார்டு, ஃபேன், பவர் சப்ளை எல்லாவற்றையும் அட்டையில் அச்சாக வெட்டி, பேனாவால் பேர் எழுதி உள்ளே அடுக்கிப் பார்த்தேன். கேஸின் ரப்பர் கால்களுக்குப் பதில் சோடா பாட்டில் மூடி நான்கை அடியில் ஒட்டினேன். வீட்டில் மக்ரூன் வாசம் அடித்தபடியே ஒரு கம்ப்யூட்டர் உருவாகிக்கொண்டிருந்தது. அம்மா அதைத் தாண்டிப் போகும்போதெல்லாம் சிலுவை போட்டுக்கொண்டாள்.

இதே லீவில்தான் எனக்குக் கல்யாணமும் நிச்சயமாகியிருந்தது. பெண் ஏரல் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். பெண் பார்க்கப் போன அன்று தனியாகக் கொஞ்ச நேரம் பேச விட்டார்கள். நான் பேச்சு வராமல், கப்பல் என்ஜினில் எத்தனை சிலிண்டர் என்று அவளிடம் விளக்கிக்கொண்டிருந்தேன். அவள் சிரிக்காமல் கேட்டுவிட்டு, கடைசியில், "பரீட்சைக்கு வருமா?" என்றாள். அந்த ஒரு கேள்வியில் நான் விழுந்தேன். இவள் கிடைக்காவிட்டால் வேறு யாரும் வேண்டாம் என்று வரும்போதே அம்மாவிடம் சொல்லிவிட்டேன்.

எங்கள் பக்கம் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் ஓலை வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம், யாருக்காவது தடை ஏதும் தெரிந்தால் பங்குச்சாமியாரிடம் சொல்ல வேண்டும் என்று அறிவிப்பார்கள். அந்தத் தடையைப் பழைய ஆட்கள் விக்கினம் என்பார்கள். முதல் ஓலை போயிற்று, இரண்டாவதும் போயிற்று. மூன்றாவதற்கு முன்னால் விக்கினம் நேராக எங்கள் வீட்டுக்கே நடந்து வந்து, நாற்காலியில் உட்கார்ந்து காப்பி குடித்துவிட்டுப் போனது. அன்று நான் பார்சல் ஆபீசில் நின்றுகொண்டிருந்தேன்.

வந்தவர் பெண்ணுக்குத் தாய்மாமா. பெண் பார்த்த அன்று அவர் வரவில்லை, அதனால் அம்மாவுக்கு ஆளைத் தெரியாது. போலீஸ் ஸ்டேஷனில் ரைட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். காலம் முழுக்க எஃப்ஐஆர் எழுதிய கை. நேரடியாக விசாரித்தால் உண்மை வராது என்பது அவர் தொழில் அனுபவம். அதனால் வாடகை வீடு தேடி வந்தவர் மாதிரி வந்து, அம்மாவிடம் தெருவைப் பற்றிக் கேட்டு, தண்ணீர் வருமா என்று கேட்டு, அப்படியே பேச்சை என் பக்கம் திருப்பியிருக்கிறார். அம்மாவுக்கு என்னைப் பற்றிப் பேச ஆள் கிடைத்தால் போதும். அவள் என்ன சொன்னாள் என்பதைப் பிற்பாடு இரண்டு பேரிடமும் கேட்டுத் தெரிந்துகொண்டேன். வார்த்தை மாறவில்லை.

"நல்ல பிள்ளை. குடி கெடையாது, பீடி கெடையாது. கம்ப்யூட்டர்ல இந்தக் கேம் ஒண்ணுதான். எந்நேரமும் கார்டு கார்டுன்னு உருகுதான். பெறவு அந்தக் கேஸ் வேற முடிய மாட்டேங்குது."

என்ன கேஸ் என்று அவர் மெதுவாகக் கேட்டிருக்கிறார்.

"அஞ்சு லிட்டர் கேஸ். மொதல்ல பத்து லிட்டர்னு சொன்னான். அப்படி இப்படிப் பேசி ஏழாக்கினான், இப்ப அஞ்சுக்குக் கொண்டாந்துட்டான். கஸ்டம்ஸ்ல கெடக்கு. அது மட்டும் முடிஞ்சிட்டா அவன் நிம்மதியாயிருவான்."

ரைட்டராக வேலை பார்த்த மனிதரின் காதில் இது எப்படி விழும் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள். கம்ப்யூட்டரில் கேம் என்றால் பணம் வைத்து ஆடுகிற ரம்மி. கார்டு என்றால் சீட்டு. லிட்டர் கணக்கில் கேஸ் என்றால் சாராயம். அவர் கையாலேயே எத்தனை எழுதியிருப்பார். கஸ்டம்ஸ் என்றால் கடத்தல். இதெல்லாம்கூட அவருக்குப் பெரிதாகத் தெரியவில்லையாம். பத்து லிட்டரை ஐந்தாகக் குறைத்து எழுத வைத்திருக்கிறான் என்றால் ஸ்டேஷனுக்குள் ஆள் வைத்திருக்கிறான், இவன் பெரிய கை, என்று அதைத்தான் பெண்ணின் அப்பாவிடம் அழுத்திச் சொல்லியிருக்கிறார். அம்மா வழியில் சாப்பிடக் கொடுத்துவிட்ட மக்ரூனையும் அவர் வாங்கிக்கொண்டுதான் போனார்.

மறுநாள் பங்குச்சாமியார் போன் செய்தார். ஓலையை நிறுத்தி வைத்திருக்கிறேன், கேஸ் சம்பந்தமாக உன்னிடம் என்ன இருந்தாலும் எடுத்துக்கொண்டு வா என்றார். சாமியாருக்குக்கூட என் கம்ப்யூட்டர் விஷயம் எட்டிவிட்டதே என்று எனக்கு முதலில் பெருமையாகத்தான் இருந்தது. எதற்கு ஓலையை நிறுத்த வேண்டும் என்பதுதான் உதைத்தது. எது எப்படிப் போயிருக்கும் என்று புரியவில்லை. கேட்டதைக் கொண்டுபோவோம் என்று மக்ரூன் பெட்டியைப் பைக்கில் முன்னால் வைத்துக் கட்டிக்கொண்டு போனேன்.

சாமியார் வீட்டு முன்னறையில் பெண்ணின் அப்பா, தாய்மாமா இருவரும் இருந்தார்கள். பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டுவிட்டு அவளும் வந்திருந்தாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. தாய்மாமா எழுந்து, ஒப்புக்கொள்வதாக இருந்தால் சுருக்கமாக ஒப்புக்கொண்டு போய்விடலாம் தம்பி, யாரும் அடிக்க மாட்டார்கள் என்றார். எந்த ஸ்டேஷனில் கேஸ் என்று கேட்டார். கேஸ் இன்னும் கஸ்டம்ஸில் இருக்கிறது, மாதிரி மட்டும்தான் கொண்டுவந்திருக்கிறேன் என்று சொல்லி பெட்டியை மேசைமேல் வைத்தேன். அவர் மூக்கை விரித்து மோந்து பார்த்தார்.

"இது மக்ரூன் டப்பால்லா?"

மூடியைத் திறந்து காட்டினேன். ஒவ்வொரு அட்டையாக வெளியே எடுத்து, இது கார்டு, இது ஃபேன், இது மதர்போர்டு என்றேன். நான் சொல்லச் சொல்ல எனக்கே என் நிலைமை விளங்கியது. முப்பது வயதைத் தாண்டிய, கப்பல் என்ஜினைக் கழற்றி மாட்டத் தெரிந்த ஒருவன், அட்டைத் துண்டுகளைச் சாமியார் மேசையில் பரப்பி வைத்துக்கொண்டு தன் கல்யாணத்துக்காகக் கெஞ்சிக்கொண்டிருந்தான். சாமியார் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டார். அவருக்குப் புரிந்துவிட்டது. தாய்மாமாவுக்கு மட்டும் லிட்டர் இடித்தது. பெட்டிக்கு எப்படி லிட்டர் வரும், யாரை ஏமாற்றுகிறாய் என்றார்.

அப்போதுதான் அவள் எழுந்து வந்தாள். சாமியார் மேசையிலிருந்த ஸ்கேலை எடுத்து நீளம், அகலம், உயரம் மூன்றையும் அளந்தாள். ஆயிரம் கன சென்டிமீட்டர் ஒரு லிட்டர், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும் மாமா என்று சொல்லிக்கொண்டே மனதுக்குள் பெருக்கினாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"அஞ்சு இல்லயே. கிட்டத்தட்ட ஆறு வருது."

அடியில் இருக்கிற மூடிகளைக் கணக்கில் சேர்க்கக் கூடாது, உலகம் முழுக்க எங்கள் ஆட்கள் கால்களை விட்டுவிட்டுத்தான் அளப்பார்கள் என்றேன். தாய்மாமாவுக்கு உயிர் வந்துவிட்டது. பார்த்தீர்களா சாமி, இப்போதும் குறைத்துத்தான் காட்டுகிறான் என்றார். சாமியாரால் அதற்குமேல் அடக்க முடியவில்லை. அவர் சிரிக்க, பெண்ணின் அப்பா சிரிக்க, தாய்மாமா மட்டும் சந்தேகத்தோடு கார்டு என்று எழுதிய அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவள் சிரிக்கவில்லை. எல்லாவற்றையும் இவ்வளவு நெருக்கி எதற்கு, வீட்டில்தான் இடம் இருக்கிறதே என்று கேட்டாள். விளக்கம் சொல்ல ஆரம்பித்தேன். உப்புக்காற்று, லேப்டாப், தனித்தனிப் பாகம் எல்லாம் சொன்னேன். பள்ளிக்கூடத்தில் பொய் சொல்லுகிற பிள்ளையைப் பார்க்கிற மாதிரி அவள் என்னைப் பார்த்துக்கொண்டே நின்றாள். அப்படி ஒருத்தி நிற்கும்போது எவ்வளவு நேரம்தான் ஃபேன் உயரத்தைப் பற்றிப் பேசுவது. உண்மையைச் சொன்னேன். கப்பலில் வேலை முடிந்து கேபினுக்கு வந்தால் தமிழில் பேச ஒரு ஆள் கிடையாது. நெட் கிடைக்கிற அன்று கேமில் உட்கார்ந்தால் நம் ஊர்ப் பயல்கள் நாலு பேர் சேர்ந்து விளையாடுவோம், காதில் ஏலே என்று ஒரு குரல் கேட்கும், அதற்காகத்தான் இத்தனையும் என்றேன். அதை நான் அதுவரை யாரிடமும் சொன்னதில்லை. எனக்கே அப்போதுதான் தெரிந்தது போலிருந்தது. பெண்ணின் அப்பா தலையைக் குனிந்துகொண்டார்.

அவள் அட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்து உள்ளே அடுக்கினாள். நான் அடுக்கியதைவிட ஒழுங்காகவே அடுக்கினாள். மூடியை மூடி, பெட்டியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"பேச ஆளில்லன்னுதான இது? இப்ப ஆளு இருக்குல்லா. கேஸ் என்கிட்ட இருக்கட்டும். நீங்க ஜாமீன்ல போயிட்டு வாங்க."

ஜாமீன் என்றதும் தாய்மாமாவுக்குத் தொழில் ஞாபகம் வந்துவிட்டது. நிபந்தனை ஏதும் உண்டா என்று அவளிடமே கேட்டார்.

"தெனமும் ஆஜராகிக் கையெழுத்துப் போடணும் மாமா. ஒரு நாள் விட்டாலும் ஜாமீன் ரத்து."

அந்த ஞாயிற்றுக்கிழமை மூன்றாவது ஓலை வாசித்தார்கள். விக்கினம் பற்றிச் சொல்லும்போது சாமியார் கொஞ்சம் நிறுத்தி முதல் வரிசையைப் பார்த்தார். முதல் வரிசையில் தாய்மாமா கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கல்யாணம் முடிந்து நான் கப்பல் ஏறிய பிறகுதான் கஸ்டம்ஸ் கேஸை விட்டது. அவள் போய் வாங்கிக்கொண்டாள். உள்ளே என்னென்ன போடுவது என்று இன்னும் முடிவாகவில்லை. கார்டு நீளம் என்கிறாள், ஃபேனை மாற்று என்கிறேன். இப்போது தினமும் அதைப் பற்றித்தான் சண்டை. அந்தச் சண்டை முடியாமல் இருந்தால் நல்லது என்றுதான் இருக்கிறது. கேபின் மேசை காலியாகக் கிடக்கிறது. வேலை முடிந்ததும் கை எண்ணெயைக் கழுவிவிட்டு ஓடிவந்து கப்பலின் சாட்டிலைட் போனில் அவளைக் கூப்பிடுகிறேன். எடுத்தவுடன், "ஆஜர்" என்கிறேன்.